கரடி நீட்டிய கைகள்

அந்தக் கரடிச் சிலையின் வலது உள்ளங்கை தேய்ந்து வழவழவென்று குழிந்திருக்கும். பூங்காவுக்கு வருகிற குழந்தைகள் அதில் ஒரு நிலக்கடலையையாவது வைத்துவிட்டுத்தான் ஊஞ்சலுக்கு ஓடுவார்கள். பின்கால்களில் நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது தீனி கேட்கிறது என்றுதான் தோன்றும். போன மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் அதன் படத்தைப் போட்டு, 'கடலை கேட்கும் கரடி' என்று கீழே எழுதியிருந்தார்கள். என் அக்கா மகள் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து வந்து காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது கடலை கேட்கவில்லை. எதற்காக அப்படி நின்றது என்று கண்ணால் பார்த்தவர்களில் இன்றைக்கு உயிரோடு மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சேர்மனாக இருந்தவரின் பேரப்பிள்ளைகள் நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்ல வந்தது மச்சானைப் பற்றி.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். எங்களுடையது தறி வீடு, அவருடையதும் தறி வீடுதான். ஆனால் அவருக்குத் தறிக்குழியில் கால் நிற்கவில்லை. பாவு அறுந்தால் முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டு, கூரையில் அணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று என் அப்பா கேலி செய்வார். "மாப்பிள்ளைக்கு நூலைவிட வாலுதான் புடிச்சிருக்குது" என்பார். கடைசியில் பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையில் சேர்ந்தார். அந்தப் பூங்காவின் ஒரு மூலையில் சின்ன மிருகக் கொட்டடி ஒன்று இருந்தது. கொஞ்சம் மான், கொஞ்சம் மயில், கடித்துவைக்கிற ஒரு குரங்கு, அவ்வளவுதான். ஒரு நாள் சேர்வராயன் மலை எஸ்டேட் துரை ஒருவர் ஒரு தாய்க் கரடியைச் சுட்டுவிட்டு, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் கோணிப்பையில் போட்டு அனுப்பினார். அன்றையிலிருந்து மச்சான் செடிப் பக்கம் போகவில்லை. துணியைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து, தன் பாயிலேயே படுக்கவைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க அதைக் காப்பாற்றினார். பூங்காவுக்குள்ளேயே ஓட்டுவீடு ஒன்றைக் கொடுத்து அவரையே காவலாளாகவும் ஆக்கினார்கள்.

குட்டியின் நெஞ்சில் வெள்ளை மயிர் மாலைபோல வளைந்திருந்தது. அதனால் மச்சான் அதற்கு மாலையம்மா என்று பெயர் வைத்தார். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. "மாலைய எதுக்கெல்லாம் போடறாங்கன்னு நெனச்சுப் பாத்துட்டுப் பேரு வையுங்க. கண்ணாலத்துக்குப் போடறாங்க, செத்தா போடறாங்க, வெட்டப்போற கெடாய்க்கும் போடறாங்க" என்றாள். மச்சான் சிரித்தார். பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெரியவரையும் சாமி என்போம், தொட்டில் குழந்தையையும் சாமி என்போம். மச்சான் கரடியையும் அப்படித்தான் கூப்பிட்டார். கம்பிக்கு வெளியே நின்று இரண்டு கைகளையும் நீட்டி, "வா சாமி" என்பார். கூண்டுக்குப் பின்னால் கல்லடுக்கிக் கட்டிய குகைக்குள்ளிருந்து மாலையம்மா உருண்டு வரும். வந்து நிமிர்ந்து நின்று அவரைப்போலவே கை நீட்டும். கடலைக்காக என்று ஊரார் நினைத்தார்கள். மச்சான் வெறுங்கையோடு கூப்பிட்டாலும் அது அப்படித்தான் வந்து நிற்கும். சின்ன வயதில் அந்தக் கைகளுக்குள் தூங்கின பழக்கம். வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. சேர்மன் ஒரு முறை வெள்ளைக்கார விருந்தாளியைக் கூட்டிவந்து, தொண்டை வற்றக் கூப்பிட்டுவிட்டு, அது குகைக்குள் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டதைப் பார்த்துவிட்டுப் போனார்.

யுத்தம் வந்தது. பர்மா போய்விட்டது, அடுத்தது பட்டணம் என்றார்கள். சென்னையிலிருந்து ஜனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ரயிலேறி எங்கள் பக்கம் வந்து இறங்கினார்கள். நான் அப்போது டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அக்காவுக்கு நிறைமாதம். எங்கள் அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டதால் பிரசவத்துக்குத் துணையாக நான்தான் வந்தேன். அதற்கு முன்னால் அக்காவுக்குப் பிறந்த இரண்டும் மூச்சு விடாமலே போய்விட்டன. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் தரைக்கு நோகுமோ என்பதுபோல நடந்தோம். எச்சில் பாத்திரம் கீழே விழுந்தால்கூட மச்சான் திடுக்கிட்டு அக்காவின் வயிற்றைப் பார்ப்பார்.

தெருவிளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். மில்லில் சங்கு ஊதி ஒத்திகை பார்த்தார்கள். குண்டு விழுந்தால் ஜனங்கள் பதுங்குவதற்கென்று ஊரில் ஆங்காங்கே பள்ளம் தோண்டினார்கள். பூங்காவில் எங்கே தோண்டலாம் என்று ஓவர்சியர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மண் இளகியிருக்கிறது என்று மாலையம்மாவின் கூண்டுக்கு நேரெதிரே கோடு போட்டார். ஆள் நீளத்துக்கு, ஆள் ஆழத்துக்கு நீண்ட பள்ளம். மண்ணை வெட்டிக் குவிக்கும்போது மாலையம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மோந்து பார்த்தது. அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பட்டணத்திலிருந்து வந்தவர்கள் ஒரு சேதியையும் கொண்டுவந்தார்கள். அங்கே வளர்த்த சிங்கம், புலியையெல்லாம் சுட்டுவிட்டார்களாம். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை ஊருக்குள் புகுந்துவிடும் என்ற பயமாம். அந்தப் பேச்சு எங்கள் ஊர்க் கடைவீதிக்கு வந்ததும் ஆளாளுக்கு மாலையம்மாவை நினைத்துக்கொண்டார்கள். நேற்று வரைக்கும் பிள்ளையைத் தோளில் தூக்கிவந்து கடலை போட்டவர்கள், கூண்டுக் கம்பி எத்தனை பருமன் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஜப்பான்காரன் சமுத்திரம் தாண்டி வந்து, பட்டணத்தையெல்லாம் விட்டுவிட்டு, கிழட்டுக் குரங்கும் சொட்டை மயிலும் உள்ள இந்த ஊரைத் தேடிப் பிடித்துக் குண்டு போடப் போகிறானாக்கும்! சொன்னால் யார் கேட்டார்கள்? பயம் பிடித்த ஊருக்குக் காது இருக்காது.

முனிசிபல் ஆபீஸ் பியூன் ஒருவர் மச்சானுக்கு வேண்டியவர். பொழுதோடு வந்து வேலியோரமாக நின்று சொன்னார்: "கரடியச் சுட மேல உத்தரவு கேட்டு எழுதிட்டாங்க. வந்துருமுங்க. எங்கயாச்சும் தாட்டி உட முடிஞ்சா உட்டுருங்க."

தாட்டி விட, அதாவது ஊரைவிட்டே அனுப்பிவிட, வழியும் இருந்தது. மச்சானின் பங்காளி ஒருவர் சந்தைக்கு உப்பு ஏற்றிக்கொண்டு கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் வண்டி ஓட்டுகிறவர். வெல்லம் கொடுத்துக் கூண்டுப்பெட்டியில் ஏற்றிவிட்டால் மாலையம்மா மச்சான் பக்கத்தில் சத்தம் போடாமல் படுத்துக்கொள்ளும். மலையேற்றி விட்டுவிடலாம். ஆனால் மச்சானும் கூடப் போக வேண்டும், திரும்பிவர நாளாகும். வேலை போகும், வீடு போகும், போலீஸ் வரும். அக்கா எந்த நேரத்திலும் பெற்றுவிடுவாள் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். மூன்றாவதும் தங்காமல் போய், அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இல்லாமலும் போனால்? அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "முனியப்பங்கிட்டப் பூக் கேட்டுப்போட்டு வாங்க" என்றாள்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பார்க்கப் போவதென்றாலும், கிணறு வெட்டுவதென்றாலும் கேட்போம். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் பொட்டலமாக மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். இன்ன பூ வந்தால் இன்னது என்று மனதில் நினைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். ஊருக்கு வெளியே புளியமரங்களுக்கு நடுவில் முனியப்பன் உட்கார்ந்திருந்தார். சுதையில் செய்த பெரிய உருவம், பிதுங்கிய கண், கையில் வீச்சரிவாள். மறுநாள் காலையில் மச்சானோடு நானும் பூவும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளை வந்தால் மாலையம்மாவுக்கு இங்கேயே ஒன்றும் ஆகாது, சிவப்பு வந்தால் மலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வழியிலேயே அவர் அதை எனக்கும் சொல்லிவிட்டார்.

கோயிலில் வேறொரு குடும்பம் கிடாய் வெட்ட வந்திருந்தது. கழுத்தில் மாலையோடு கறுப்புக் கிடாய் ஒன்று நின்றது. மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினால் கிடாய் உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். துலுக்குவது என்பார்கள். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார், வெட்டலாம் என்று கணக்கு. அந்தக் கிடாய் துலுக்கவில்லை. கல் மாதிரி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

பூசாரியின் மகள், சின்னப் பெண், வந்து குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி. மச்சான் முகம் வெளிறிப்போயிற்று. "புள்ள கை கழுவலையாட்ட இருக்குது" என்றார் பூசாரி. கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி எடுத்தாள். மறுபடியும் செவ்வரளி. நான் மச்சானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க மச்சான், அதான் ரெண்டு தடவையும் சொல்லிப்போட்டாருங்களே" என்றேன்.

"நீ சும்மா இரு அம்மிணி."

"மனசு கலங்கிக் கெடந்தா வாக்கு தடுமாறுமுங்க. மூணாவதுதான் நெசம்" என்றார் பூசாரி. மூன்றாவது முறை வெள்ளை நந்தியாவட்டை வந்தது. மச்சான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுதார். "ஒண்ணும் ஆவாது அம்மிணி, சாமி சொல்லிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் கிடாய்க்காரப் பெண், "இன்னும் ரெண்டு செம்பு ஊத்துங்க, துலுக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊற்றினார்கள். காதுக்குள் தண்ணீர் போனதும் அது துலுக்கியது. நாங்கள் புளியமரம் தாண்டுவதற்குள் பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. துலுக்குகிற வரைக்கும் ஊற்றினால் எந்தக் கிடாய்தான் துலுக்காது? அந்த எண்ணம் எனக்கு அப்போதே வந்தது. அழுது முடித்துச் சிரிக்கிற மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

உப்பு வண்டி மச்சான் இல்லாமலே அடிவாரத்துக்குப் போனது. பெரிய பாரம் இறங்கினவர்போல மச்சான் இரண்டொரு நாள் நடமாடினார். சித்திரை வெயில் கொளுத்தியது. விடிந்ததும் குகைக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிவைப்பார். மாலையம்மா அதில் புரண்டுகொண்டு கிடக்கும். அப்படி ஒரு காலையில்தான் அவர்கள் வந்தார்கள். ஓவர்சியர், ஓர் இன்ஸ்பெக்டர், துப்பாக்கியோடு இரண்டு கான்ஸ்டபிள்கள். சேர்மன் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மாலையம்மா அவர்களைப் பார்த்ததும் குகைக்குள் போய்விட்டது. எஸ்டேட்டில் ஒரு தடவை மோந்த வெடிமருந்து வாசனை அதற்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. கல்லடுக்குக்குப் பின்னால் மூலையில் ஒண்டிக்கொண்டது. ஓவர்சியர் கடலையை வீசினார். கான்ஸ்டபிள் கம்பியைத் தட்டினார். அது வரவில்லை. நான் அடுப்படிச் சன்னலில் நின்றிருந்தேன். உள்ளே அக்கா பாயில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வராத, வராத" என்று முனகிக்கொண்டிருந்தாள். கரடியிடம் சொன்னாளா, வயிற்றிலிருந்த குழந்தையிடம் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. மச்சானைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். காலை அமைதியில் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. "நீ கூப்பிட்டா வெளிய வருமாமே. வெளிய வந்து நின்னா ஒரே குண்டுல முடிஞ்சிடும். உள்ள வச்சுச் சுட்டா எங்க படும்னு எனக்கே தெரியாதுப்பா. பாதி உசுரோட கெடந்து கத்தும். நீயே யோசிச்சுக்கோ."

மச்சான் அவர் காலில் விழுந்தார். இன்ஸ்பெக்டர் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். கான்ஸ்டபிள் குகை வாசலை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினார். அப்போது மச்சான் கூண்டு முன்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வா சாமி."

குரல் எப்போதும்போல்தான் இருந்தது. நடுங்கியிருந்தால், உடைந்திருந்தால், அது வந்திருக்காதோ என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அது பயந்துவிடக் கூடாதே என்று அவர் எப்போதும்போலக் கூப்பிட்டார். அதுவும் எப்போதும்போல உருண்டு வந்தது. வெளிச்சத்துக்கு வந்து, நிமிர்ந்து நின்று, நனைந்திருந்த உடம்பை ஒரு தரம் உதறியது. தண்ணீர் மச்சான் மேலெல்லாம் தெறித்தது. உள்ளூர்க்காரரான கான்ஸ்டபிள் ஒருவர், தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, "துலுக்கிருச்சுங்க" என்றார். மாலையம்மா இரண்டு கைகளையும் நீட்டித் தலையைச் சாய்த்தது. மச்சான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. மயில்கள் வெகுநேரம் அகவிக்கொண்டே இருந்தன.

எதிரே தோண்டிய பள்ளத்திலேயே அதைப் புதைத்தார்கள். ஜனங்களுக்கென்று தோண்டியதில் வேறு யாரும் ஒரு நாளும் பதுங்கவில்லை. எங்கள் ஊரில் குண்டும் விழவில்லை. அந்த வாரமே அக்காவுக்குப் பெண் பிறந்தது. பிறந்ததும் வீறிட்டு அழுதது. மருத்துவச்சி குழந்தையை மச்சானிடம் நீட்டி, "சாமி பாரு, உங்கப்பன் பாரு" என்றாள். அவர் வாங்கிக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தார், ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

பட்டணத்து ஜனங்கள் திரும்பிப் போனார்கள். விளக்குகளிலிருந்து கறுப்புக் காகிதத்தைப் பிய்த்தார்கள். பயம் தெளிந்ததும் ஊருக்குப் பாசம் திரும்பி வந்தது. காலிக் கூண்டின் முன்னால் குழந்தைகள் நின்று கேட்டார்கள். சேர்மன் வீட்டுப் பேத்தியே கரடி எங்கே என்று கேட்டு அழுதாளாம். உடனே ஒரு சிலை வைப்பதென்று முடிவாயிற்று. கொன்ற கையாலேயே மாலையும் போடுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. வாழப்பாடிப் பக்கத்திலிருந்து முனியப்பன் சிலை செய்கிற சுதை வேலைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். பள்ளத்தை மூடிய இடம் மேடாக இருக்கிறது, பீடத்துக்குத் தோது என்றார் அதே ஓவர்சியர்.

மாலையம்மாவைப் படமெடுத்து வைத்தவர் யாருமில்லை. சுதைக்காரர் கரடியை உயிரோடு பார்த்ததுமில்லை. "எப்படி நிக்கும்னு யாராச்சும் காட்டுங்க" என்றார். எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் எழுந்து போய் மேட்டின் மேல் நின்றார். நிமிர்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, தலையைச் சாய்த்தார். சுதைக்காரர் குச்சி வைத்து அவர் தோளை அளந்தார், கையை அளந்தார். சிலை முடிகிற வரைக்கும் மச்சான் தினமும் வெயிலில் அப்படி நின்றார். வேலை முடிந்த அன்று சுதைக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நகமும் மூக்கும் நெஞ்சுல மாலையும் மட்டுந்தான்மா கரடிக்குச் செஞ்சேன். மத்ததெல்லாம் அவருதான்." நீங்களும் போய்ப் பாருங்கள். அந்தச் சிலைக்கு இருப்பது மனிதனின் தோள்.

திறப்பு விழாவில் சேர்மன் சிலைக்கு மாலை போட்டார். "பாருங்கள், நம்மிடம் கடலை கேட்கிறது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கடலைக் கதை அன்றைக்கு அவர் வாயால்தான் நிலைத்தது. மச்சானுக்குப் போர்த்த வைத்திருந்த துண்டு மேசை மேலேயே கிடந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு மச்சான் யாரையும் சாமி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெற்ற மகளைக்கூட. வா என்றும் யாரையும் கூப்பிட மாட்டார். குழந்தை சோறு உண்ண வேண்டுமென்றால் எழுந்து அது விளையாடுகிற இடத்துக்குப் போய் நிற்பார். தெருவில் மற்ற அப்பன்மார்களெல்லாம் "வா சாமி, வா தங்கம்" என்று கூவும்போது, இவர் வெயிலில் நடந்து போய் மகளுக்குப் பக்கத்தில் ஊமைபோல நிற்பார். அவள் வளர்ந்ததும், "அப்பாவுக்கு என்னக் கண்டா ஆகாது சின்னம்மா. ஒரு நாளாவது ஆசையாக் கூப்பிட்டிருக்காரா?" என்று என் மடியில் விழுந்து அழுவாள். அவளுக்கு வரன் வந்தபோது அக்கா பூக் கேட்கலாம் என்றாள். மச்சான், "கேக்கறதா இருந்தா ஒரு தடவதான் கேக்கோணும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அவர் சாகக் கிடந்தபோது மகள் தன் புருஷன் ஊரிலிருந்து ஓடிவந்தாள். வாசற்படியில் வந்து நின்றாள், உள்ளே வரக் கால் எழவில்லை. அக்கா குனிந்து, "ஏனுங்க, புள்ள வந்திருக்குதுங்க. ஒரு தடவ கூப்பிடுங்க" என்றாள். மச்சான் கண் திறந்து வாசல் வெளிச்சத்தைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கையால் தள்ளுவதுபோல ஆட்டினார். "வராத சாமி" என்றார். "உள்ளயே இரு சாமி. வராத." அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். அவள் காதில் விழுந்தது 'வராத' என்பது ஒன்றுதான். அப்பா கடைசி மூச்சிலும் தன்னை விரட்டினார் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அக்கா இருந்தவரைக்கும் இந்தக் கதையைச் சொல்ல விட்டதில்லை. சொன்னால், "உனக்காகத்தான் அவர் மலைக்குப் போகவில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிறந்ததே ஓர் உயிரை வாங்கிக்கொண்டு என்று பிள்ளை நினைத்துவிடுவாளே என்று அக்காவுக்குப் பயம். போன தையில் அக்காவும் போய்விட்டாள். பத்திரிகைப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அக்கா மகள் வந்த அன்று, "கிளம்பு" என்று பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். சிலையைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, உப்பு வண்டியிலிருந்து கடைசி நாள் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் பத்திரிகைப் பக்கத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். பிறகு, "அப்ப எல்லாம் என்னாலதானா சின்னம்மா?" என்றாள்.

"போடி கிறுக்கி. வயித்துக்குள்ள கெடந்தவ என்ன பண்ணுவ? வெள்ளப்பூ வர்ற வரைக்கும் கேட்டாங்க, அதனால" என்றேன். "உன்ன வராதன்னு சொல்லல சாமி அவரு. அதுகிட்டச் சொன்னாரு."

பூங்காப் பணியாளர் ஒருவர் ரப்பர் குழாயால் சிலையைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் பழைய கூண்டு இருந்த இடத்தில் பச்சை பெயின்ட் மணக்கப் புதுக் கம்பிகள் நின்றன. எனக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. என்ன விசேஷம் என்று கேட்டேன். "கரடிக்குட்டி வந்திருக்குதுங்க. மந்திரி வந்து தொறக்கறாரு" என்றார் அவர் பெருமையாக. "இந்தச் செலையாட்டவே கை நீட்டப் பழக்கோணும்னு சொல்லியிருக்காங்க. இப்பவே கூப்பிட்டா வந்து நிக்குதுங்க."

புதுக் காவல்காரன் இளவட்டம். கூண்டு முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டினான். "வா சாமி" என்றான். உள்ளே இருட்டில் ஏதோ அசைந்தது.

என் அக்கா மகள் எழுந்தாள். சிலையைத் தாண்டி, குழாய்த் தண்ணீர் மேலே விழுவதைக்கூடப் பார்க்காமல், கூண்டுக்கு நேராகப் போனாள். "தள்ளிப் போங்கம்மா, நனைஞ்சுருவீங்க" என்று பணியாளர் கத்தினார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து, அவள் அப்பாவின் குரலில், "வராத சாமி" என்றாள். "உள்ளயே இரு சாமி. வராத."

காவல்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பணியாளர் குழாயைத் திருப்பித் திருப்பிச் சிலை மேலேயே அடித்தார். தலையில் விழுந்த தண்ணீர் நெஞ்சிலிருந்த மாலை வழியாக இறங்கி, தேய்ந்த உள்ளங்கையில் கிடந்த கடலைகளை அடித்துக்கொண்டு போயிற்று. எத்தனை ஊற்றியும் அது துலுக்கவில்லை. மச்சானின் தோளோடு, இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றது.